கம்பெனித் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கு

ஐ.டி. கம்பெனிகளுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளில் பலர் நேர்காணல் வரைக்கும் போவதே இல்லை. பாடம் தெரிந்தும் முதல் சுற்றிலேயே நின்றுவிடுகிறார்கள். கையால் எழுதியும் வாய்விட்டுச் சொல்லியும் பழகினால் அந்தச் சுற்றைத் தாண்டலாம்.

1. விண்ணப்பத்தில் பெயரும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கட்டும். நம் ஊரில் இனிஷியல்தான் தகராறு. சான்றிதழில் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக வந்திருக்கும். வேலை கிடைத்த பிறகு அலையாமல் இப்போதே திருத்திவிடுங்கள்.

2. பத்து, பிளஸ் டூ, பட்டம் மூன்றிலும் 60 சதவீதம் கேட்கும் கம்பெனிகள் உண்டு. அரியர் இருந்தால் மறைக்காதீர்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் தெரிந்துவிடும். கையில் வந்த வேலையும் போய்விடும்.

3. ஆப்டிட்யூடில் 'ஆட்கள், நாட்கள்' கணக்கைப் பின்னத்தில் போட்டால் நேரம் போய்விடும். ஒருவர் ஒரு வேலையை 12 நாளிலும் இன்னொருவர் 15 நாளிலும் முடிக்கிறார் என்றால், மொத்த வேலையை 60 பங்கு என்று வையுங்கள் (12, 15 இரண்டுக்கும் மீ.சி.ம. 60). முதலாமவர் நாளுக்கு 5 பங்கு, மற்றவர் 4 பங்கு, சேர்ந்து 9. அறுபதை ஒன்பதால் வகுத்தால் 6⅔ நாள். குழாய், தொட்டிக் கணக்கும் இதே வழிதான்.

4. 12.5 சதவீதம் எட்டில் ஒன்று, 37.5 சதவீதம் எட்டில் மூன்று. இப்படிப் பத்துப் பதினைந்தை மனப்பாடம் செய்தால் 640-இல் 37.5 சதவீதம் 240 என்று பேனா எடுக்காமலே வரும்.

5. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்களா, முடித்த பகுதிக்குத் திரும்ப முடியுமா என்பதை விதிமுறைப் பக்கத்தில் பார்த்த பிறகே தொடங்குங்கள்.

6. வீட்டிலிருந்து எழுதும் தேர்வில் கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். பின்னால் ஒருவர் நடந்தாலும், பக்கத்தில் பேச்சுக் குரல் கேட்டாலும் சந்தேகக் கணக்கில் சேரலாம். பெற்றோரே, தேர்வு முடியும் வரை டி.வி.யை நிறுத்தி, கதவைச் சாத்தி, பிள்ளையைத் தனியே விடுங்கள். கரண்ட் போனால் சமாளிக்க லேப்டாப்பில் முழு சார்ஜும், இன்னொரு போனில் டேட்டாவும் தயாராக இருக்கட்டும்.

7. கோடிங் பயிற்சியை நோட்டில் எழுதி, மதிப்பு எப்படி மாறுகிறது என்று வரிவரியாகப் போட்டுப் பாருங்கள். 'இரண்டாவது பெரிய எண்' எளிய கேள்விதான். ஆனால் 7, 7, 3 என்று கொடுத்தால் பலருடைய விடை 7 என்றே வரும். ஒரே எண்ணை ஒருமுறை மட்டும் கணக்கில் எடுத்தால் வர வேண்டியது 3. ஒரே எண் திரும்ப வருவது, பூஜ்யம், மைனஸ் எண், காலிப் பட்டியல் ஆகியவற்றைக் கொடுத்துச் சோதிக்காமல் சமர்ப்பிக்க வேண்டாம்.

8. ரெஸ்யூமில் எழுதிய ஒவ்வொரு சொல்லும் கேள்வியாகத் திரும்பி வரும். தெரியாததை எழுதாதீர்கள். புராஜெக்ட்டைச் சேர்ந்து செய்திருந்தால், அதில் நீங்கள் செய்த பகுதி எது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

9. தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் ஆங்கிலத்துக்குப் பயந்தே பாதி சோர்ந்துபோகிறார்கள். அந்தப் பயம் வேண்டவே வேண்டாம். சின்னச் சின்ன வாக்கியங்கள் போதும். சுய அறிமுகத்தைப் போனில் பதிவு செய்து கேளுங்கள். தடுமாறும் இடத்தை மட்டும் மாற்றிப் பேசுங்கள். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லி, தெரிந்த அளவு யோசித்துச் சொல்லுங்கள்.

10. ஆண்டுச் சம்பளம் 3.6 லட்சம் என்றால் மாதம் 30,000 கைக்கு வந்துவிடாது. கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் பெரும்பாலும் அதற்குள்ளேயே அடக்கம். பாண்ட் இருந்தால் எத்தனை வருடம், எவ்வளவு தொகை என்று படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். அசல் சான்றிதழ்களைக் காட்டலாம், ஒப்படைக்க வேண்டாம்.

11. வேலை உறுதி என்று சொல்லி டெபாசிட்டோ, லேப்டாப் கட்டணமோ கேட்டால் அது மோசடி. நகையை அடகு வைத்துக் கட்டிய பெற்றோர் இருக்கிறார்கள். பணம் போயிருந்தால் தயங்காமல் உடனே 1930 எண்ணில் புகார் சொல்லுங்கள்.