திருநர் மாணவிகளும் பள்ளி விளையாட்டும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்கப் பள்ளிகளில் திருநர் மாணவிகள் பெண்கள் அணியில் விளையாடலாமா என்ற சர்ச்சை வெடிக்கும்போதெல்லாம் ஒரு வாசகம் தவறாமல் வந்து நிற்கிறது: “அவர்களுக்கு உடல்ரீதியான அனுகூலம் எதுவும் கிடையாது, இது அறிவியல் முடிவு.” திருநர் உரிமைக்காக வாதாடும் அமைப்புகளின் துண்டறிக்கைகளும் சுவரொட்டிகளும் இதைச் சளைக்காமல் சொல்லி வருகின்றன. அந்நாட்டின் மிகப் பெரிய உரிமை அமைப்புகளில் ஒன்றான ஏ.சி.எல்.யு. 2020-இல் வெளியிட்ட கட்டுக்கதைப் பட்டியலில், நியாயமற்ற அனுகூலம் என்பது கட்டுக்கதை என்றும், மற்றவர்களைப் போலவே திருநர் வீரர்களின் திறனும் ஆளுக்கு ஆள் மாறுபடும் என்பதே உண்மை என்றும் எழுதியது. நல்ல நோக்கத்துக்காகச் சொல்லப்படுவதாலேயே ஒரு தவறான கூற்று சரியாகிவிடாது.

திறன் ஆளுக்கு ஆள் மாறுபடும் என்பதை எவரும் மறுக்கவில்லை. அது கேட்கப்பட்ட கேள்விக்கு விடையும் ஆகாது. உயரம்கூட ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஆனாலும் ஆண்களின் சராசரி உயரம் பெண்களுடையதைவிட அதிகம். பெண்களுக்கென்று தனிப் பிரிவு வைத்திருப்பதே இந்தச் சராசரி வேறுபாட்டால்தான். பருவமடைவதற்கு முன் ஆண், பெண் பிள்ளைகளின் ஓட்டத்திலும் தாண்டுதலிலும் வேறுபாடு சிறியது. பிறகு ஆண் உடலில் டெஸ்டோஸ்டிரோன் அளவு பெண்களைவிடச் சுமார் 15 மடங்கு உயர்கிறது. தசை, எலும்பு, இதயம், ரத்தத்தின் ஹீமோகுளோபின் என எல்லாம் அதற்கேற்ப வளர்கின்றன. ஹேண்டல்ஸ்மன் குழுவினர் 2018-இல் தொகுத்த ஆய்வின்படி, ஓட்டத்திலும் நீச்சலிலும் 10 முதல் 12 சதவீத இடைவெளி விழுகிறது; தாண்டுதலில் இது இன்னும் அதிகம். மாநில அளவிலான 100 மீட்டர் இறுதிச் சுற்றில் முதலாமவருக்கும் கடைசியாக வருபவருக்கும் இடையே பெரும்பாலும் இவ்வளவு தூரம் இருப்பதில்லை.

ஹார்மோன் சிகிச்சை இதையெல்லாம் அழித்துவிடும் என்பது அடுத்த வாதம். ஒரு பகுதியை அழிக்கிறது என்பதே சரி. ஹீமோகுளோபின் நான்கு மாதங்களுக்குள் பெண்களின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. தசை வலிமையோ ஓராண்டுக்குப் பின்னும் சுமார் 5 சதவீதமே குறைகிறது என்று ஆய்வாளர்கள் ஹில்டனும் லண்ட்பெர்க்கும் 2021-இல் கணக்கிட்டனர். அமெரிக்க விமானப் படையின் உடற்தகுதிப் பதிவுகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்றில், இரண்டாண்டுச் சிகிச்சைக்குப் பின் தண்டால் எண்ணிக்கையில் இருந்த வேறுபாடு மறைந்திருந்தது. ஒன்றரை மைல் ஓட்டத்தில் திருநங்கையர் மற்றப் பெண்களைவிட இன்னும் 12 சதவீதம் வேகமாக இருந்தனர். மூன்றாண்டுகளுக்குப் பிறகும் வலிமையின் ஒரு பகுதி எஞ்சக்கூடும் என்ற முடிவுக்கு வந்த தொகுப்பாய்வை முன்னின்று எழுதிய ஜோனா ஹார்ப்பர் ஒரு திருநங்கை, ஓட்ட வீராங்கனை. அவரையாவது பகைவர் பட்டியலில் சேர்க்காமல் படிக்கலாம்.

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை விளையாட்டு வீரர் அல்லாத வயதுவந்தோரைப் பற்றியவை. பதின்வயதினரைப் பற்றிய தரவு மிகக் குறைவு. சர்வதேச ஒலிம்பிக் குழுவின் நிதியுதவியுடன் 2024-இல் வெளிவந்த ஆய்வில் மற்றப் பெண் வீரர்களைவிடத் திருநங்கை வீரர்களின் கைப்பிடி வலிமை கூடுதலாகவும், தாண்டும் உயரம் குறைவாகவும் இருந்தன. ஆகவே எந்தத் திசையிலும் ‘நிரூபித்தாகிவிட்டது’ என்று முழங்க இடமில்லை. போதிய ஆய்வு இல்லை என்பதையே அனுகூலம் இல்லை என்பதற்குச் சான்றாக நீட்டுவது வாசகரை ஏமாற்றுவதாகும்.

இதில் மிக வருந்தத்தக்கது, திருநர் உரிமை அமைப்புகளின் வழக்கறிஞர்களுக்கு இது நன்றாகவே தெரியும் என்பதுதான். திருநர் மாணவிகள் பெண்கள் அணியில் விளையாடுவதைத் தடுக்கும் மேற்கு வர்ஜீனியாவின் சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கில், மாணவி பருவமடைதலைத் தடுக்கும் மருந்து எடுத்துக்கொண்டவர், ஆண் பருவமடைதலுக்கே உட்படாதவர், ஆகவே அவருக்கு அந்த அனுகூலம் இல்லை என்று ஏ.சி.எல்.யு. வாதிட்டது. அது கச்சிதமான, உடலியலோடு பொருந்தும் வாதம். அதே எச்சரிக்கை பொதுமக்களுக்கான வாசகங்களில் காணாமல் போய்விடுகிறது. நீதிபதிக்கு ஒரு துல்லியம், பெற்றோருக்கு ஒரு மழுப்பல் என்று வைத்துக்கொள்ளும் அமைப்பை யார் நம்புவார்கள்?

கனெக்டிகட் மாநிலக் கதையும் இப்படித்தான் சிதைக்கப்படுகிறது. இரண்டு திருநர் ஓட்ட வீராங்கனைகள் மாநிலப் பட்டங்களை வென்றதை எதிர்த்து 2020 பிப்ரவரியில் மாணவிகள் வழக்குத் தொடுத்தனர். சில நாள்களிலேயே வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவர், அந்த இருவரில் ஒருவரை ஓட்டத்தில் முந்தினார். “பார்த்தீர்களா, அனுகூலம் இல்லை” என்று ஆதரவாளர்கள் கொண்டாடினர். ஒற்றை ஓட்டத்திலிருந்து உடலியல் முடிவு எடுக்க முடியுமென்றால், அதற்கு முந்தைய தோல்விகளிலிருந்தும் எடுக்க வேண்டியிருக்கும். ஒரு பந்தயம் எதையும் நிரூபிக்காது.

தடை கோரும் தரப்பின் கூற்றுகளை வீழ்த்த இவ்வளவு இடம் தேவையில்லை. திருநர் மாணவிகள் பெண்கள் விளையாட்டைக் கைப்பற்றிவிட்டார்கள் என்பது அவற்றில் முதன்மையானது. யூட்டா மாநில ஆளுநர் ஸ்பென்சர் காக்ஸ் 2022-இல் தடை மசோதாவை நிராகரித்தபோது எழுதிய கடிதத்தின்படி, அங்கு விளையாடிய 75,000 உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் திருநர் 4 பேர். பெண்கள் பிரிவில் ஒரே ஒருவர். கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.வின் தலைவர் 2024 டிசம்பரில் சொன்ன கணக்கு, 5,10,000 பேரில் பத்துக்கும் குறைவு. தடை மசோதாக்களைக் கொண்டுவந்த சட்டமன்ற உறுப்பினர்களை அசோசியேட்டட் பிரஸ் 2021-இல் விசாரித்தபோது, அநேகமாக எவராலும் தம் மாநிலத்திலிருந்து ஒரு சிக்கலைக்கூடச் சுட்ட முடியவில்லை. ஆனால் எண்ணிக்கை குறைவு என்பது பீதிக்குத்தான் மறுப்பு. இறுதிச் சுற்றில் இடமிழந்த மாணவிக்கு அது பதிலாகாது.

பாலினச் சோதனைகள் பெண்களைக் காக்கும் என்பதும் பொய். அதே யூட்டாவில், தோற்ற மாணவிகளின் பெற்றோர் புகார் தந்ததால், வென்ற சிறுமியின் பதிவுகள் மழலையர் வகுப்புவரை தோண்டப்பட்டன. அவர் பிறப்பிலேயே பெண். பாலினச் சோதனை என்ன செய்யும் என்பது தமிழருக்குத் தெரிந்த செய்திதான். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்ற புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜனின் பதக்கம் அப்படித்தான் பறிபோனது. அவர் திருநங்கை என்று இன்றும் எழுதுவோர், பெண்ணாகவே பிறந்து வளர்ந்த ஒருவரை இரண்டாம் முறை அவமதிக்கிறார்கள்.

நேர்மையான வாதம் கைவசமே இருக்கிறது. பருவமடைதல் கடந்தவர்களுக்கு அனுகூலம் எஞ்சலாம். ஆனாலும் பள்ளி விளையாட்டு என்பது பதக்கத்துக்காக மட்டும் நடப்பதன்று. பத்து வயதுச் சிறுமிக்கும் மாநிலச் சாம்பியனுக்கும் ஒரே விதி தேவையில்லை. 2025 மே மாதம் கலிஃபோர்னியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு, திருநர் மாணவியால் இடமிழந்த மாணவிகளுக்குக் கூடுதல் இடமும் பதக்க மேடையும் தந்தது. குறைகள் உள்ள ஏற்பாடுதான். ஆனால் இரு தரப்பின் இழப்பையும் ஒப்புக்கொண்டது.

பள்ளி விளையாட்டை வயதாலும் பாலினத்தாலும் மட்டும் பிரிப்பதையும் கேள்வி கேட்க வேண்டும். ஒரே வகுப்பில் படிக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளின் உடல் முதிர்ச்சியில் சில ஆண்டு வேறுபாடு இருப்பது இயல்பு. இங்கிலாந்தின் கால்பந்துப் பயிற்சிக் கழகங்கள் வளர்ச்சி நிலையைக் கொண்டு சிறுவர்களைப் பிரித்து விளையாடவைத்துப் பார்த்திருக்கின்றன. இந்த முறையைப் பள்ளிகள் சோதித்துப் பார்த்தால் திருநர் பிள்ளைகளோடு, தாமதமாக வளரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் நன்மை.

அதுவரை, இந்த விவாதத்தில் ஒரு வாசகத்தைப் பகிரும் எவரும் முதலில் மூன்றைக் கேட்கட்டும்: அது எந்த வயதினரைப் பற்றியது, அவர்கள் பருவமடைந்தவர்களா, சிகிச்சை எத்தனை காலம் நடந்தது? இந்த மூன்றையும் சொல்லாத வாசகம் எந்தத் தரப்பிலிருந்து வந்தாலும் அதைப் பகிர வேண்டாம்.