செவிவழி எழுத்து

கேட்டலும் பேசுதலும் முந்தியவை; படித்தலும் எழுதுதலும் அவற்றின்மேல் எழுபவை. பிறந்த சில திங்களில், குழந்தை பல மொழிகளின் ஒலி வேறுபாடுகளையும் பிரித்தறிய வல்லது. ஓராண்டு நிறைவதற்குள், தன்னைச் சூழ்ந்த மொழியின் ஒலிகளிலேயே அதன் செவி கூர்மை பெறுகிறது.

திண்டுக்கல் நகரின் பேகம்பூரில் தமிழுடன் உருதும் வீட்டுமொழியாக வழங்குகிறது. ‘கல்’ என்னும் சொல்லின் ககர ஒலிக்கும் ‘தங்கம்’ என்னும் சொல்லின் ககர ஒலிக்கும் உருதில் தனித்தனி எழுத்துகள் உண்டு. தமிழிலோ எழுத்து ஒன்றே. சொல்லில் அது நிற்கும் இடமே ஒலிப்பை உணர்த்தும். எனவே, உருது பேசும் வீட்டுக் குழந்தை தமிழ் எழுத்துக்கூட்டுகையில் தயங்கினால், அதன் கூரிய செவியும் அதற்குக் காரணமாகலாம். அதனை உணராது மந்தமான பிள்ளை என ஒதுக்கினால், அக்குழந்தை பேசவும் அஞ்சும்.

தமிழ்நாடு அரசு 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கியது. எட்டு வயதிற்குள் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெறச் செய்வது அதன் நோக்கம். பாடல், கதை, செயல்பாடு ஆகியவற்றின் வழியே அதில் கற்பிக்கப்படுகிறது.

வீட்டுமொழியில் கதை கேட்டு வளர்ந்த குழந்தை, சொல்வளத்தையும் கதைப்போக்கையும் அறிந்தே பள்ளிக்கு வருகிறது. அம்மொழியைத் தடுக்காது, அதன் வழியே தமிழெழுத்துக்கு அழைத்துச் செல்வதே ஆசிரியர் கடமை. உங்கள் வீட்டுச் சிறார்க்கு நாளும் ஒரு கதை சொல்லுங்கள். அவர்கள் திருப்பிச் சொல்வதைப் பொறுமையுடன் கேளுங்கள்.