வத்தலக்குண்டில் பிறந்த பொறுமைசாலி



தீராத நோயில் கிடக்கும் ஒருவர் எதை நம்பி அடுத்த நாளை எதிர்பார்ப்பார் என்பதே இந்தப் பாடத்தின் பொருள். இதற்குத் திருஏட்டிலேயே இடம் உண்டு. கொல்லம் 1008-ஆம் ஆண்டுக்கு முந்திய நாட்களில் முத்துக்குட்டி என்னும் திருமேனி நோயுற்றுக் கிடந்ததையும், தாயார் வெயிலாள் மகனைக் கைவிடாமல் திருச்செந்தூர் மாசித் திருவிழாவுக்குக் கொண்டுபோனதையும் திருஏடு வாசிப்பில் கேட்காத பிள்ளை இல்லை. அது ஐயாவின் திருவிளையாடல். மனிதருக்கு வரும் நோயை அதனோடு வைத்து அளப்பது முறையாகாது. ஆனாலும் கிடையில் கிடந்தவரை வீட்டார் கைவிடவில்லை என்ற செய்தி எல்லா வீட்டுக்கும் பொருந்தும். அதை மனத்தில் வைத்துக்கொண்டு, திண்டுக்கல் சீமையில் பிறந்த ஒருவரின் வாழ்க்கையைப் பார்க்கலாம்.

திண்டுக்கல்லுக்குத் தென்மேற்கே, கொடைக்கானல் மலையடிவாரத்துச் சமவெளியில் இருக்கிறது வத்தலக்குண்டு. வெற்றிலைக் கொடிக்கால் நிறைந்த ஊர். வெற்றிலைக்குண்டு என்ற பேரே மருவி வத்தலக்குண்டு ஆயிற்று என்று பெரியவர்கள் சொல்வார்கள். அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்த ஊர், 1985-இல் திண்டுக்கல் தனி மாவட்டமானபோது இதில் சேர்ந்தது. அந்த ஊரில் 1884 அக்டோபர் 4 அன்று பிறந்தவர் சுப்பிரமணிய சிவா. வ.உ.சிதம்பரனாரோடும் பாரதியாரோடும் சேர்த்துச் சொல்லப்படும் அதே சிவாதான்.

அவர் பிறந்தது அந்தணர் குடும்பம். ஆனால் வீட்டில் வறுமை. அதனால் சிறு வயதில் திருவனந்தபுரம் போய், இலவசச் சாப்பாட்டை நம்பிப் படித்தார். அந்நாளில் திருவிதாங்கூர் அரசு நடத்திய ஊட்டுப்புரைகளில் அந்தணருக்குத்தான் இலை விழும். அதே திருவிதாங்கூரில்தான், அதற்கு அறுபது எழுபது ஆண்டுக்கு முன்னால், ஐயா எல்லாச் சாதியாரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தார். அதே திருவனந்தபுரத்தில்தான் சிங்காரத்தோப்புச் சிறையும் இருந்தது. சிவாவையும் அந்த அரசு விட்டுவைக்கவில்லை. தர்ம பரிபாலன சமாஜம் என்று ஒரு சங்கம் வைத்து நாட்டு விடுதலையைப் பற்றிப் பேசியதற்காக அவரைத் திருவிதாங்கூர் எல்லையை விட்டே வெளியேற்றினார்கள்.

அப்படி ஊர் ஊராகப் பேசிக்கொண்டு வந்தவருக்குத் தூத்துக்குடியில் இடம் கொடுத்தவர் வ.உ.சி. 1908 மார்ச் 12 அன்று இருவரும் கைதானார்கள். ஜூலை 7-ஆம் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்பு வாசித்தார். ராஜ துரோகமாகப் பேசியதற்காகச் சிவாவுக்குப் பத்து ஆண்டு தீவாந்தர சிட்சை. வ.உ.சி.க்கு விதித்த தண்டனையில் ஒரு பங்கு, சிவாவுக்குத் துணை நின்றதற்காக. ஒருவருக்குச் சோறும் தங்க இடமும் கொடுத்தது ஒரு நீதிமன்றத்தில் குற்றக் கணக்கில் ஏறியது! அன்னதர்மம் செய்து பழகிய மக்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். மேல்முறையீட்டில் சிவாவின் தண்டனை ஆறு ஆண்டாகக் குறைந்தது. திருச்சியிலும் சேலத்திலும் சிறையில் இருந்துவிட்டு, 1912 நவம்பர் 2 அன்று வெளியே வந்தார்.

வந்தவர் பெருவியாதியோடு வந்தார். பெருவியாதி என்று அன்று சொன்னதைத்தான் இன்று தொழுநோய் என்கிறோம். சிறையில் ஆட்டு ரோமத்தைச் சுத்தம் செய்யும் வேலை கொடுத்ததால்தான் நோய் வந்தது என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் பலர் சொல்வது உண்டு. ரோமத்தால் இந்த நோய் வராது. இது ஒரு கிருமியால் வருவது. 1873-இலேயே நார்வே நாட்டு மருத்துவர் ஹேன்சன் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். கிருமி உடம்புக்குள் போய்ப் பல ஆண்டு கழித்துத்தான் வெளியே தெரியும். ஆனாலும் அரைவயிற்றுக் கஞ்சியும் ஓயாத உழைப்பும் எந்த உடம்பையும் நோய்க்கு வழிவிட வைக்கும். சிறைக்குப் பொறுப்பு இல்லை என்று சொல்ல முடியாது.

வ.உ.சி. விடுதலையானபோது சிறை வாசலில் வந்து நின்ற சிவாவை அவருக்கே அடையாளம் தெரியவில்லை என்று ஒரு செய்தி உண்டு. ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தில் டி.கே.சண்முகம் சிவாவாக வந்ததைப் பார்த்தவர்கள் அந்த முகத்தை மறக்க மாட்டார்கள்.

இனி அவருடைய வீட்டைப் பார்ப்போம். சிவாவுக்குச் சிறு வயதிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. மனைவி பெயர் மீனாட்சி. கணவர் நாடு நாடு என்று அலைந்த காலத்திலும் அந்த அம்மாள் பொறுத்தார். சிறையில் இருந்த நாலு வருஷமும் பொறுத்தார். கடைசியில் வீட்டுக்கு வந்தவர் இப்படிப்பட்ட நோயோடு வந்தபோதும் பொறுத்தார். 1915-இல் அவர் காலமானார். தியாகிகளின் வரலாற்றில் மனைவியரின் பெயர் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வரிக்குள் எத்தனை இரவுகள் இருந்திருக்கும் என்பதை, வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்தவர்கள் அறிவார்கள். கணவன் மனைவியில் ஒருவருக்குத் தொழுநோய் என்றால் மற்றவர் மணத்தை முறித்துக்கொள்ளலாம் என்று பிற்காலத்தில் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். 2019-ஆம் ஆண்டில்தான் அந்த வரியை எடுத்தார்கள்.

மனைவி போன பிறகு சிவா ஒடுங்கிவிடவில்லை. விடுதலையான மறு ஆண்டே ‘ஞானபாநு’ என்ற மாதப் பத்திரிகை தொடங்கியிருந்தார். பாரதியார் அதில் எழுதினார். வடமொழிச் சொல் கலக்காமல் தமிழில் கட்டுரை எழுதி அனுப்புகிறவருக்கு ஐந்து ரூபாய் பரிசு என்றுகூட அதில் அறிவித்தார். அவர் கையில் ஐந்து ரூபாய் இருந்ததே பெரிது! புத்தகம் எழுதினார், நாடகம் போட்டார், மேடை ஏறினார். 1921-இல் மறுபடியும் கைது செய்தார்கள். நோய் முற்றியிருந்ததால் தண்டனைக் காலம் முடியும் முன்பே வெளியே விட்டார்கள்.

நோயைவிட மோசமானது ஒன்று இருந்தது. 1898-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, தொழுநோய்ப் புண் உள்ளவர் பொதுக் கிணற்றிலும் குளத்திலும் தண்ணீர் எடுக்கவோ குளிக்கவோ கூடாது, வாடகை வண்டியில் ஏறக்கூடாது என்றெல்லாம் தடை போட அதிகாரிகளுக்கு இடம் கொடுத்தது. (இந்தச் சட்டம் ஒழிந்தது 2016-இல்தான்.) சிவாவை ரயிலிலும் ஏறக்கூடாது என்று அரசு தடுத்தது. நோய் ஒரு சாக்கு. அவர் பேச்சு ஊர்விட்டு ஊர் போய்விடக்கூடாது என்பது உள்ளே இருந்த காரணம். சிவா என்ன செய்தார்? புண்களைத் துணியால் மூடிக்கொண்டு நடந்தார். கால் ஓயும்போது கட்டை வண்டி. பாதத்தில் உணர்ச்சி போன பிறகு நடக்கிற நடை எப்படிப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கல் குத்தினாலும் தெரியாது, முள் ஏறினாலும் தெரியாது. இரவில் கட்டை அவிழ்க்கும்போதுதான் புண் கண்ணில் படும்.

கிணற்றுத் தண்ணீர் என்றதும் முத்திரிக் கிணறு நினைவுக்கு வரும். இன்ன சாதி இந்தக் கிணற்றை அண்டக்கூடாது என்றிருந்த காலத்தில், எல்லாரும் ஒரே கிணற்றுப் பதத்தில் குளித்து வரவேண்டும் என்று ஐயா வைத்தார். நெற்றியில் தொட்டு நாமம் சாத்தும் முறையையும் வைத்தார். விபூதியைத் தூக்கிப் போட்ட காலத்தில் விரல் நெற்றியில் பட வேண்டும் என்பது சின்னக் காரியம் இல்லை. சாதியால் தள்ளி வைக்கப்பட்டவருக்கு அந்தத் தொடுதல் என்னவாக இருந்ததோ, நோயால் தள்ளி வைக்கப்பட்டவருக்கும் அதுவேதான். இன்றைக்கும் தாங்கலில் தோல் வெளுத்த ஒருவர், விரல் மடங்கிய ஒருவர் வந்து நின்றால் அவருக்கும் நெற்றியில் தொட்டே நாமம் சாத்த வேண்டும். பந்தியில் அவர் பக்கத்து இலை காலியாகக் கிடக்கக் கூடாது.

சிவாவின் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர்கள் தர்மபுரிப் பக்கத்துப் பாப்பாரப்பட்டியில் கிடைத்தார்கள். அங்கே சின்னமுத்து முதலியார் முதலான நண்பர்கள் துணை நின்றார்கள். நிலம் வாங்கி ஆசிரமம் அமைத்தார். சாதி பாராமல் எல்லாரும் வந்து வணங்கப் பாரத மாதாவுக்கு ஓர் ஆலயம் எழுப்ப வேண்டும் என்று சிவா நினைத்தார். 1923-இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். அப்போது சிவாவுக்கு முப்பத்தெட்டு வயது. இந்த உடம்பு ஆலயம் முடியும் வரை நில்லாது என்பது அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. அன்றைக்கு இந்த நோய்க்கு இருந்த மருந்து நீரடிமுத்து எண்ணெய் ஒன்றுதான். அதுவும் முழுக்கத் தீர்க்காது. தெரிந்தும் அந்த ஆலயத்துக்காக ஊர் ஊராகப் போனார். அவருடைய நம்பிக்கை தன் உடம்பு குணமாகும் என்பதில் நிற்கவில்லை. தான் போனாலும் காரியம் நடக்கும், நடத்த ஆள் உண்டு என்பதில் நின்றது. அந்த ஆள் உண்டு என்ற தைரியத்தை நோயாளி தனக்குத் தானே கொடுத்துக்கொள்ள முடியாது. அவரைச் சுற்றி இருப்பவர்கள்தான் கொடுக்க வேண்டும். மீனாட்சியம்மாள் கொடுத்தார், பாப்பாரப்பட்டி நண்பர்கள் கொடுத்தார்கள்.

இன்றைக்கு நிலைமை வேறு. தொழுநோய் தீரும் நோய். தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் வந்து, அதில் தொட்டால் தெரியாமல், சூடு உறைக்காமல் இருந்தால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ காட்ட வேண்டும். கூட்டு மருந்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ சாப்பிட்டால் போதும், காசு கிடையாது. மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே பிறருக்குப் பரவும் தன்மை போய்விடும். தொட்டதாலோ சேர்ந்து சாப்பிட்டதாலோ ஒட்டிக்கொள்ளும் என்று பயப்பட வேண்டியதில்லை. பெரும்பாலானவர் உடம்புக்கு இந்தக் கிருமியைத் தடுக்கும் சக்தி இயல்பாகவே உண்டு. பதியில் வாங்கும் பதமும் திருமண்ணும் மனத்துக்குத் தைரியம். அந்தத் தைரியத்தோடு மாத்திரையை ஒரு நாளும் விடாமல் சாப்பிட வேண்டும். வெட்கப்பட்டு மறைத்து வைப்பதால்தான் விரல் மடங்குகிறது, பாதம் புண்ணாகிறது. உணர்ச்சி குறைந்த பாதத்தைத் தினமும் வீட்டில் ஒருவர் பார்த்துக் கழுவி, எண்ணெய் தடவி, காயம் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். காலுக்குப் பொருந்தும் மெத்தென்ற செருப்பு வேண்டும். இதெல்லாம் வீட்டார் செய்யும் பணிவிடை.

சித்தரஞ்சன் தாஸ் 1925 ஜூன் மாதம் மறைந்தார். அடுத்த மாதம், மதுரைப் பக்கம் இருந்த சிவா, உடம்பு மிகவும் மோசமான நிலையில் பாப்பாரப்பட்டிக்கே திரும்பினார். ஜூலை 22 அன்று வந்து சேர்ந்தார். மறுநாள் விடியற்காலையில் உயிர் பிரிந்தது. வயது நாற்பது. ஆலயத்துக்கு அடிக்கல் மட்டும்தான் அப்போது இருந்தது. ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, அதே பாப்பாரப்பட்டியில், அவருடைய மணிமண்டபத்தின் அருகே பாரத மாதாவுக்கு நினைவாலயம் எழுந்து நிற்கிறது.