ஆட்டம் இல்லாத மாதங்கள்: தோற்ற அணியின் ரசிகருக்கு ஒரு பாடம்



கல்வி ஆண்டு முடியும் நேரத்தில் நம் ரிச்சர்ட்ஸ் டவுன் வீடுகளில் தேர்வைப் பற்றிய பேச்சுத்தான் இருக்கும். கல்லூரி செல்லும் பிள்ளைகளின் ஹாக்கி மட்டைகள் கதவுக்குப் பின்னால் சாய்ந்துவிடும். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள் முடிந்திருக்கும். தங்கள் கல்லூரி அணி முதல் சுற்றிலேயே வெளியேறிய ஆண்டாக இருந்தால் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். "அந்த டீமைப் பத்திப் பேசாதீங்க மாமா" என்று பதில் வரும்.

அப்படிப் பேச்சை நிறுத்திவிடுவது சரியா? வென்ற அணியைக் கொண்டாட யாருக்கும் பயிற்சி தேவையில்லை. தோற்ற அணியோடு, அதுவும் ஆட்டமே இல்லாத மாதங்களில், கூடவே இருப்பதற்குத்தான் கொஞ்சம் படிப்பு வேண்டும். அந்தப் படிப்புக்கு நம் ஊரைவிட நல்ல வகுப்பறை கிடைக்காது.

1. நம் பேட்டையும் ஹாக்கியும்

1809 இல் ஆங்கிலேயர் இங்கே கண்டோன்மென்ட்டை நிறுவினர். சென்னை ராணுவத்தோடும், அதை அண்டிய தொழில்களோடும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளமாக வந்து குடியேறின. அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு இன்றும் அந்தத் தொடர்புக்குச் சாட்சி. படைமுகாம், மிஷன் பள்ளி, ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆகிய மூன்றும் சேர்ந்த இடங்களில் வளைகோல் பந்தாட்டம், அதாவது ஹாக்கி, வேரூன்றியது. நம் ரிச்சர்ட்ஸ் டவுனில் கிளாரன்ஸ் உயர்நிலைப் பள்ளி 1914 ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. ஃபிரேசர் டவுன், காக்ஸ் டவுன், குக் டவுன் என்று சுற்றிலும் அதே கண்டோன்மென்ட் பேட்டைகள்தாம்.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய அணியின் பட்டியலைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். ரங்கநாதன் பிரான்சிஸ், முனிசாமி ராஜகோபால், சின்னதுரை தேசமுத்து, கோவிந்த் பெருமாள் என்ற பெயர்கள் அதில் இருக்கின்றன. பிற்காலத்தில் பெங்களூரிலிருந்து ஜூட் ஃபெலிக்ஸ் இந்திய அணியின் தலைவரானார். கோல் கீப்பர் ஆஷிஷ் பல்லாலும் இந்த ஊர்க்காரரே.

வெளியூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்குச் சொல்லவேண்டிய இன்னொரு பெயர் தன்ராஜ் பிள்ளை. புனேயை அடுத்த கட்கியில், வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவர். 1992, 1996, 2000, 2004 என்று நான்கு ஒலிம்பிக்குகளில் ஆடினார். ஒன்றில்கூடப் பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் 1998 இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் அவர் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது. 1966 க்குப் பிறகு 32 ஆண்டுகள் கழித்து வந்த தங்கம் அது. இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவுக்கு எதிரான பெனால்டி முறையில் கோலைக் காத்தவர் நம் ஆஷிஷ் பல்லால்.

2. தாழ்ந்ததும் எழுந்ததும்

ஒரு கல்லூரி அணியின் வீழ்ச்சிக்கு ஏடுகள் அதிகம் இருக்காது. இந்திய அணியின் வீழ்ச்சி ஆண்டு வாரியாகப் பதிவாகியிருக்கிறது. ஆகவே அதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

1928 முதல் 1956 வரை நடந்த ஆறு ஒலிம்பிக்குகளிலும் தொடர்ந்து தங்கம். பிறகு 1964 இல் ஒன்று. 1976 இல் மான்ட்ரியலில் முதன்முறையாக ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைப் புல்தரையில் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் உலகக் கோப்பையை வென்றிருந்த இந்தியா, அங்கே ஏழாம் இடத்துக்கு இறங்கியது. 1980 இல் மாஸ்கோவில், சென்னையின் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில், எட்டாவது தங்கம் கிடைத்தது. பல முன்னணி நாடுகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்திருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. 1986 இல் லண்டனில் நடந்த உலகக் கோப்பையில் பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம்.

காரணம் என்ன? மண் தரையில் பந்து எப்படி வரும் என்று சொல்ல முடியாது. அதை மட்டையில் நிறுத்தி, வளைத்து, ஏமாற்றி எடுத்துச் செல்லும் கைத்திறன் நம்மிடம் இருந்தது. செயற்கைத் தரையில் பந்து நேராகவும் வேகமாகவும் ஓடும். அங்கே ஓட்டமும் உடல் வலுவும் முதலில் கேட்கப்படும். அந்தத் தரையைப் போட அதிகச் செலவாகும். நம் பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகள் மண்ணில் கற்று, போட்டிக்கு மட்டும் செயற்கைத் தரையில் கால் வைத்தார்கள். இன்றும் பல கல்லூரி அணிகளின் கதை இதுவே.

2008 மார்ச்சில் சிலி நாட்டின் சாண்டியாகோ நகரில் பிரிட்டனிடம் 0–2 என்று தோற்று, 1928 க்குப் பிறகு முதன்முறையாக ஒலிம்பிக்குக்கே தகுதி பெறவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தகுதி பெற்றுச் சென்று, ஆடிய ஆறு ஆட்டங்களிலும் தோல்வி, கடைசி இடம்.

இந்த இடத்தில் வாசகர்கள் ஒரு கணம் நிற்க வேண்டும். அந்தக் கடைசி இடத்து அணியில் இருபது வயது மன்பிரீத் சிங் இருந்தார். கேரளத்தின் கோல் கீப்பர் ஸ்ரீஜேஷும் இருந்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2021 ஆகஸ்டு 5 அன்று, டோக்கியோவில் ஜெர்மனியை 5–4 என்று வென்று இந்தியா வெண்கலம் பெற்றபோது அணித் தலைவர் அதே மன்பிரீத். கடைசி வினாடிகளில் ஜெர்மனியின் பெனால்டி கார்னரைத் தடுத்தவர் அதே ஸ்ரீஜேஷ். அந்த டோக்கியோவிலேயே ஆஸ்திரேலியாவிடம் 1–7 என்று தோற்றிருந்தார்கள். 41 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த ஒலிம்பிக் பதக்கம் அது. 2024 இல் பாரிஸிலும் ஸ்பெயினை 2–1 என்று வென்று மீண்டும் வெண்கலம்.

பாதை எப்போதும் மேல்நோக்கியே செல்லும் என்றும் எண்ணிவிடக் கூடாது. பெண்கள் அணி 2016 ரியோவில் பன்னிரண்டாம் இடம், டோக்கியோவில் நான்காம் இடம், 2024 பாரிஸுக்குத் தகுதியே பெறவில்லை. ஏறியவர் இறங்குவதும் உண்டு. ரசிகர் இரண்டுக்கும் தயாராக இருக்க வேண்டும்.

3. நடுவில் இருந்த மாதங்களில் என்ன நடந்தது?

2012 க்கும் 2021 க்கும் இடையில் நாம் தொலைக்காட்சியில் பார்த்த ஆட்டங்கள் கொஞ்சம். பார்க்காத நாட்கள் மிகுதி. அந்த நாட்களில் பெரும் பகுதி நம் ஊரிலேயே கழிந்தது. மைசூர் சாலைப் பக்கம் ஞானபாரதி வளாகத்தை ஒட்டியுள்ள இந்திய விளையாட்டு ஆணையத்தின் தென்மண்டல மையத்தில்தான் தேசிய அணிகளின் பயிற்சி முகாம்கள் நடக்கின்றன. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஆண்கள், பெண்கள் இரு அணிகளும் வீடு திரும்பாமல் அங்கேயே தங்கின.

முகாமில் நடக்கும் வேலைகளில் மூன்றை மட்டும் பார்ப்போம்.

முதலாவது, ஓட்டம். யோ-யோ சோதனையில் வீரர் 20 மீட்டர் ஓடி, திரும்பி 20 மீட்டர் வந்து, பத்து வினாடி மூச்சு வாங்கி, மறுபடி ஓட வேண்டும். ஒலிக்குறியின் வேகம் கூடிக்கொண்டே போகும். ஆட்டத்திலும் இப்படித்தான் ஓடி, நின்று, ஓட வேண்டியிருக்கிறது. போட்டி நடக்கும் வாரங்களில் உடலுக்கு ஓய்வு கொடுப்பதே பெரும்பாடு. வலுவைக் கூட்ட அப்போது நேரம் கிடைக்காது.

இரண்டாவது, பெனால்டி கார்னர். கோலின் அகலம் 3.66 மீட்டர், உயரம் 2.14 மீட்டர். கோல் கீப்பரோடு சேர்ந்து ஐந்து பேர் மட்டுமே கோட்டுக்குப் பின்னால் நின்று தடுக்கலாம். மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். பந்து அரைவட்டத்துக்கு வெளியே வந்து திரும்பிய பிறகே கோலை நோக்கி அடிக்கலாம். ஓங்கி அடிக்கும் முதல் அடி கோல் பலகையின் உயரமான 46 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. மட்டையில் பந்தை இழுத்து வீசும் டிராக் ஃபிளிக்குக்கு அந்த உயர வரம்பு இல்லை. அதனால்தான் அது இவ்வளவு முக்கியமானது. தள்ளுபவர், நிறுத்துபவர், வீசுபவர் மூவரும் ஒரே மூச்சாகச் செயல்பட ஆயிரக்கணக்கான முறை செய்து பழக வேண்டும்.

மூன்றாவது, பழைய ஆட்டங்களின் ஒளிப்பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது. எங்கே நின்றிருக்க வேண்டும், யாரைவிட்டு விலகினோம் என்று தோல்வியைத் துண்டு துண்டாகப் பிரித்துப் படிப்பது.

கல்லூரி அணிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பட்டப்படிப்பு மூன்று ஆண்டுகள் என்றால் ஒவ்வோர் ஆண்டும் அனுபவசாலிகள் படிப்பை முடித்துப் போய்விடுவார்கள். ஜூன், ஜூலையில் புதுமுகங்கள் வருவார்கள். எனவே கல்லூரி அணிக்கு விடுமுறை மாதங்கள் என்பவை ஓர் அணி கலைந்து மற்றோர் அணி பிறக்கும் காலம். சென்ற ஆண்டு தோற்றவர்களில் பாதிப் பேர் இந்த ஆண்டு களத்தில் இல்லாமலும் போகலாம். "அந்த டீம்" என்று நாம் வெறுத்து ஒதுக்குவது எந்த டீமை?

4. ரசிகரின் வீட்டுப்பாடம்

(அ) ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். சென்ற பருவத்தில் வாங்கிய கோல்கள் எந்தக் கால் பகுதியில் வந்தன என்று எழுதுங்கள். இப்போது ஆட்டம் 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகள். கடைசிப் பகுதியிலேயே கோல்கள் விழுந்திருந்தால் கோளாறு ஓட்டத்தில் இருக்கலாம். பத்துப் பெனால்டி கார்னர் கிடைத்து ஒரு கோல்தான் அடித்திருந்தால் கோளாறு வேறிடத்தில். கணக்கு எழுதியவர் கோபப்படுவது குறையும்.

(ஆ) யார் போகிறார்கள், யார் வருகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். படிப்பை முடித்துப் போகிறவருக்கு ஒரு நன்றி சொல்லுங்கள். தோற்ற அணியில் ஆடியவருக்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

(இ) மாதம் ஒரு விதி கற்றுக்கொள்ளுங்கள். 1990 களின் பின்பாதியில் ஆஃப்சைடு விதி எடுக்கப்பட்ட பிறகு ஆட்டமே மாறிவிட்டது. பழைய விதியை மனத்தில் வைத்து இன்றைய தடுப்பாட்டக்காரரைத் திட்டுகிற பெரியவர்கள் நம்மிடையே உண்டு.

(ஈ) சிறிய ஆட்டங்களைப் பாருங்கள். சாந்திநகர் பக்கம் ஃபீல்டு மார்ஷல் கரியப்பா பெயரில் ஹாக்கி அரங்கம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டமானாலும் உட்கார்ந்து பாருங்கள். நாளைய கல்லூரி அணி அங்கேதான் ஆடிக்கொண்டிருக்கும்.

(உ) வார்த்தையை அளந்து பேசுங்கள். 2021 ஆகஸ்டில் பெண்கள் அணி அர்ஜென்டினாவிடம் அரையிறுதியில் தோற்றதும், வந்தனா கட்டாரியாவின் வீட்டு முன் சிலர் பட்டாசு வெடித்துச் சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தியதாக அவர் குடும்பத்தினர் புகார் கொடுத்தார்கள். காவல்துறை வழக்குப் பதிந்து கைது செய்தது. அதே ஒலிம்பிக்கில் தென் ஆப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தவர் அவர். ஒலிம்பிக்கில் அப்படி அடித்த முதல் இந்தியப் பெண்ணும் அவரே. தோல்வியைத் தாங்கத் தெரியாத கூட்டம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது சான்று. நம் பிள்ளைகள் அந்தக் கூட்டத்தில் சேராமல் வளர்வது நம் கையில் இருக்கிறது.

5. வீட்டில் கூடிப் பேச

மாலை உணவுக்குப் பிறகு பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்தக் கேள்விகளைப் பேசிப் பாருங்கள்.

– 2012 இல் மன்பிரீத் ஹாக்கியை விட்டிருந்தால் 2021 இல் என்ன நடந்திருக்கும்?

– பதக்கம் இல்லாமல் நான்கு ஒலிம்பிக் ஆடிய தன்ராஜ் பிள்ளையை வெற்றி பெற்றவர் என்பீர்களா?

– தேர்வில் மதிப்பெண் குறைந்த மாணவருக்கும், முதல் சுற்றில் தோற்ற அணிக்கும் நாம் சொல்லும் வார்த்தைகள் ஒன்றுதானா?

– நம் கல்லூரி அணிக்கு இந்த விடுமுறையில் நாம் செய்யக்கூடிய ஒரே ஓர் உதவி எது?

ஒரு செய்தியோடு முடிக்கிறேன். 2012 இல் கடைசி இடம் பெற்ற அணியில் இருந்த ஸ்ரீஜேஷ், பாரிஸ் வெண்கலத்தோடு ஓய்வு பெற்று, இளைஞர் அணியின் பயிற்சியாளரானார். 2025 இல் சென்னையிலும் மதுரையிலும் நடந்த ஜூனியர் உலகக் கோப்பையில் அந்தப் பிள்ளைகள் வெண்கலம் வென்றார்கள். தோல்வியை உள்ளிருந்து அறிந்தவர் மற்றவருக்குக் கற்றுக்கொடுத்தார்.

ஜூன் பிறந்ததும் கல்லூரிகள் திறக்கும். மழையில் நனைந்த மைதானத்தில் புதிய பையன்களும் பெண்களும் மட்டையோடு இறங்குவார்கள். அவர்களுடைய பெயர்கள் நமக்குத் தெரிந்திருக்கட்டும். முதல் ஆட்டத்துக்கு வீட்டிலிருந்து இரண்டு பேராவது போய் வாருங்கள்.