ஈகையும் புகழும்: ஒரு காற்பந்து ஆசிரியரின் வரலாறு

திருவள்ளுவர் ஈகையை 23ஆம் அதிகாரமாகவும், புகழை அதனை அடுத்து 24ஆம் அதிகாரமாகவும் வைத்தனர். கொடுப்பார்க்கே புகழ் நிலைக்கும் என்னும் கருத்தை இவ்வைப்பு முறையால் உணரலாம். பொருட்கொடைக்குரிய இவ்வுண்மை ஆடுகளத்திற்கும் பொருந்துமோ என ஆராய்வதே எம் நோக்கம். அதற்குச் சான்றாக யாம் எடுத்துக்கொண்டவர், வங்க மக்கள் 'பி. கே.' என்று அன்புடன் அழைத்த பிரதீப் குமார் பானர்ஜி ஆவர்.

இவர் 1936இல் ஜல்பைகுரியில் பிறந்து, ஜாம்ஷெட்பூரில் வளர்ந்தவர். கல்கத்தாவின் காற்பந்து அன்பர் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்னும் கழகங்களைச் சார்ந்து இரு கட்சியாய் நிற்பது வழக்கம். இவரோ அவ்விரண்டிலும் ஆடினாரல்லர். ஈஸ்டர்ன் ரயில்வே அணியிலேயே நிலைத்து, 1958இல் அவ்வணி கல்கத்தா லீக்கை வெல்லத் துணைநின்றார். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கி, பிரான்சுக்கு எதிரான ஆட்டத்தைத் தம் கோலால் சமனாக்கினார். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் இறுதியாட்டத்தில் தென்கொரியாவை இந்தியா 2-1 என வென்றபோது முதற்கோல் இவருடையது. அன்று கோலைக் காத்தவர், மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணியில் ஆடிப் பெயர்பெற்ற பீட்டர் தங்கராஜ்.

இவை தமக்கென ஈட்டிய புகழ். பிறர்க்கு ஈந்து பெற்ற புகழோ இதனினும் பெரிது. 1970இல் பாங்காக்கில், மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்றிருந்த ஜப்பானை 1-0 என வென்று இந்தியா வெண்கலம் கொண்டபோது, அணியைப் பயிற்றியவருள் இவரும் ஒருவர். 1975இல் இவர் பயிற்றிய ஈஸ்ட் பெங்கால், ஐ.எப்.ஏ. கேடய இறுதியில் மோகன் பகானை 5-0 என வீழ்த்தியது. அதன்பின் அம்மோகன் பகானுக்கே ஆசிரியராகி, 1977இல் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு 2-2 எனச் சமன்காணச் செய்தார். 1997இல் கல்கத்தா சால்ட் லேக் அரங்கில் ஏறத்தாழ 1,31,000 பேர் கூடிய ஆட்டத்தில், இவர்தம் ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 4-1 என வென்றது.

வெற்றியே புகழ் தந்தது எனச் சிலர் கூறலாம். அங்ஙனமாயின், தோற்ற கட்சியார் இவரை வெறுத்திருத்தல் வேண்டும். இருதிறத்தாரும் போற்றினர், காரணம் யாது? ஆட்டத்தின் முன்னர் வீரர்தம் இயல்பறிந்து இவர் கூறிய ஊக்கவுரையைச் 'சொல் மருந்து' என்றே சொல்லலாம். 2020 மார்ச்சு 20இல் இவர் மறைந்தார். இவர் பிறந்த சூன் 23ஆம் நாள், இளஞ்சிறார் காற்பந்து வளர்ச்சிக்குரிய நாளாகப் போற்றப்படுகின்றது.

நம் விருத்தாசலத்துப் பீங்கான் சூளையை அறியாதார் யார்? வெப்பத்தைப் பொறுமையுடன் ஏற்றுவோன் கையில் களிமண் கலமாகின்றது. பொறுமையின்றி ஏற்றினால் வெடித்துப் பாழாகின்றது. சென்ற பருவத்தில் நம் அணி தோற்ற மாலையில், பந்தைத் தவறவிட்ட முதலாண்டு மாணவனைத் திடலோரத்தில் நின்று நகைத்தவருள் யாமும் இருந்தோம். அதன்பின் அவனைத் திடலிற் கண்டிலேம். அவனுக்கு அன்று வேண்டியது ஒரு நற்சொல். அதனையும் ஈயாத நாம் புகழைப் பற்றி எழுதத் தகுதியுடையேமா? முதற்கண் அவனை அழைத்துவருவோம், தோழர்களே.