பேலன்ஸ் பார்த்தால் பணம் போகாது

“முன்பின் தெரியாத ஒருத்தன் உங்க கணக்குல அஞ்சாயிரம் போடுவான். வந்திருக்கான்னு பார்க்க பின் நம்பரைத் தட்டினீங்களோ, மொத்தமும் போச்சு!” கிளியனூர் கடைத்தெருவிலும் திண்டிவனம் பேருந்திலும் இந்தக் கதை இன்னும் என் காதில் விழுகிறது. வாட்ஸ்ஆப்பில் பரப்பும் புண்ணியவான்களே, போதும், நிறுத்துங்கள்.

2024 இறுதியில் தமிழ்நாடு சைபர் கிரைம் பிரிவே இப்படி எச்சரித்தது நிஜம். ஆனால் யு.பி.ஐ.யை நடத்தும் என்.பி.சி.ஐ. 2025 ஜனவரியில் மறுத்ததே, அதை எத்தனை பேர் பகிர்ந்தீர்கள்? செயலியைத் திறப்பதாலோ பேலன்ஸ் பார்ப்பதாலோ பணம் நகராது. பணம் கேட்டு வந்த கோரிக்கையை நீங்களே தேடிப்போய்த் திறந்து, செலுத்தச் சம்மதித்து, பின் போட்டால்தான் போகும். அந்தத் தனிநபர் கோரிக்கை வசதியையும் 2025 அக்டோபர் 1 முதல் எடுத்துவிட்டார்கள். இன்னமும் செத்த பாம்பை அடித்துக்கொண்டிருக்கிறோம்.

வங்கிக் கவுண்டரில் வேலை பார்த்தவன் என்பதால் எரிச்சல் வருகிறது. பேலன்ஸ் பார்க்கவே பயப்படுகிறவருக்குக் காசு போனதே தாமதமாகத்தான் தெரியும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-இல் கொண்டுவந்த விதிப்படி, ஓ.டி.பி.யை நீங்களே சொல்லித் தொலைத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனது உங்கள் நஷ்டம். தெரிவித்த பிறகு போவதுதான் வங்கியின் பொறுப்பு. “பேங்க் எப்படியும் திருப்பித் தரும்” என்கிறவர்களுக்கும் இதுவே பதில்.

மிஸ்டு காலைத் திருப்பி அழைத்தாலே கணக்கு காலியாகுமா? ஆகாது. பணம் வாங்க பின் வேண்டுமா? வேண்டாம். ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாவிட்டால் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. போக்குவரத்து அபராதம், பி.எம். கிசான் என்ற பெயரில் வரும் ஏ.பி.கே. கோப்பை நிறுவி, கேட்ட அனுமதியெல்லாம் கொடுத்தால், குறுஞ்செய்தியை அதுவே படித்துத் திருடனுக்கு அனுப்பிவிடும். பயப்படுவதானால் இதற்குப் பயப்படுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். போனில் பேசும் திருடன் ‘ஐயா, அம்மா’ போட்டு நல்ல தமிழில் பேசுகிறான். கிராமத்துக் கிளைக்குப் போனால், அங்கே தமிழ் தெரியாத அதிகாரி இந்தியில் விரட்டுகிறார். சந்தேகம் வந்தால் விவசாயி யாரிடம் போய்க் கேட்பார்? ஒவ்வொரு கிளைக் கவுண்டரிலும் தமிழில் பேச ஓர் ஆள் வேண்டுமென்று அடுத்த கிராம சபையில் தீர்மானம் போடுங்கள்.

காசு போனது தெரிந்தால், கிளை திறக்கட்டும் என்று காத்திருக்காமல் உடனே சைபர் கிரைம் உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். திருடன் எடுப்பதற்குள் சொன்னால்தான் அந்தப் பணத்தை முடக்க முடியும்.