கேட்பதற்கென்று கட்டிய ஆலயம்

வேல்ஸ் நாட்டிலே எந்தச் சிறிய ஊருக்குப் போனாலும் பழைய சாப்பல்கள் நிற்பதைக் காண்போம். பெத்தேல், எபெனேசர், சோவார் என்று முகப்பிலே பெயரும் கட்டிய ஆண்டும் பொறித்திருக்கும். பல பூட்டிக் கிடக்கின்றன. சில வீடுகளாகவும் களஞ்சியங்களாகவும் மாறிவிட்டன. இங்கு எம்மவர் ஆலயங்கள் சிலவும் இத்தகைய கட்டடங்களிலேதான் தொடங்கின. மேற்கு ஈலிங் கனகதுர்க்கை அம்மன் ஆலயம் இருக்கும் வீதியின் பெயரே சாப்பல் றோட். ஆகவே இக்கட்டடங்கள் எதற்காக இப்படிக் கட்டப்பட்டன என்று அறிவது எமக்குப் பயன்தரும்.

மேர்தர் ரிட்வில் நகரிலுள்ள சோவாரை எடுத்துக்கொள்வோம். 1801 குடிசன மதிப்பின்படி வேல்ஸ் நாட்டின் மிகப் பெரிய ஊர் மேர்தர்தான். இரும்பு உலைகளில் வேலை தேடிக் கிராமப்புறங்களிலிருந்து வந்த வேல்ஸ் மொழிக்காரர், அரச திருச்சபையை விட்டுத் தமக்கெனச் சபைகள் அமைத்தார்கள். 1842 இல் எழுந்த சோவார் சுயாதீன சபையாருடையது. 1816 இல் யாழ்ப்பாணம் வந்து, 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினறி தொடங்கிய அமெரிக்க மிஷனரிமாரும் இதே மரபினரே. சோவார் என்பது வேதாகமத்தில் லோத்து தப்பி ஓடிச் சேர்ந்த சிற்றூரின் பெயர். அகதிகளாய் வந்த எமக்கு இப்பெயரை விளக்க வேண்டியதில்லை.

முகப்பைப் பார்ப்போம். கூர்நுனி வளைவுகள் அரச திருச்சபைக் கோயில்களை நினைவூட்டியதால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பெரும்பாலான சாப்பல்காரர் அவற்றைத் தவிர்த்துக் கிரேக்க, உரோம முறையை எடுத்தார்கள். மேலே முக்கோண முகப்பு, சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள், அரைவட்டத் தலை கொண்ட உயர்ந்த யன்னல்கள். அரைத்தூணும் போதிகையும் எமது கோயிற் சுவர்களிலும் உண்டு, வடிவந்தான் வேறு. வரைந்தவர்களிற் பலர் படித்த கட்டடக் கலைஞரும் அல்லர். லாண்டோர் என்ற ஊரின் தோமஸ் தோமஸ் தச்சராயிருந்து போதகரானவர். அவர் பல சாப்பல்களுக்கு வரைபடம் வரைந்தார். பக்கத்துக்குப் போய்ப் பார்த்தால் அநேகமாக வெறும் கரடுமுரடான கற்சுவர்தான். தெருவிலிருந்து தெரியும் பக்கத்துக்கே காசு செலவழித்திருக்கிறார்கள். கணக்குப் பார்க்கும் தொழிலில் இருப்பதால் இது எம்மைக் கவர்ந்தது. பல சபைகள், யார் எவ்வளவு கொடுத்தார் என்று பெயர் பெயராக ஆண்டறிக்கையில் அச்சிட்டன. எமது திருவிழா உபயகாரர் பட்டியலைப் போலத்தான்.

உட்புறமே முக்கியம். எமது ஆலயத்தில் கருவறையை நோக்கிக் கண் போகும். நாம் தரிசிக்கப் போகிறோம். சாப்பலிலே பார்ப்பதற்குத் திருவுருவம் இல்லை. முன்சுவரின் நடுவே உயர்ந்த பிரசங்க மேடை; அதன் அடியில் சபை மூப்பருக்கு 'செற் வாவ்ர்' எனும் பெரிய ஆசனம்; மூன்று பக்கமும் மெல்லிய தூண்கள் தாங்கும் மேல்மாடம். மேலே கடைசி வாங்கில் இருப்பவருக்கும் பிரசங்கம் தெளிவாகக் கேட்கவேண்டும் என்பதே திட்டம்.

இதனாற்றான் சாப்பல்கள் அரங்குகளாக எளிதில் மாறுகின்றன. சோவார் 2011 இல் வேல்ஸ் மொழி நிலையமாகவும் நாடக அரங்காகவும் திறக்கப்பட்டது. 1911 இல் வேல்ஸ் மக்களில் 43.5 வீதமானோர் தம் மொழியைப் பேசினார்கள். 2021 இல் 17.8 வீதமே. பிரசங்கத்தோடு அம்மொழியும் அங்கே ஓய்ந்துவிடாமல், நாடகமாகவும் பாட்டாகவும் திரும்பக் கேட்கிறது.

கோயிலாக்குவது அவ்வளவு எளிதன்று. மண்டபம் தேடும் எமது நிர்வாகசபை அன்பர்கள் சிலவற்றைக் கவனிக்கவேண்டும். மேல்மாடத்தில் அடியார் நின்றால் சுவாமிக்கு மேலே நிற்பதாகும். மேடைச் சுவரோடு மூலஸ்தானத்தை வைத்தால் வீதிவலம் வர வழியில்லை. வாசல் எத்திசையோ, சந்நிதியும் அத்திசையே பார்க்க நேரிடும். பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருந்தால், வாங்குகளைக் கழற்றவும் அனுமதி தேவைப்படலாம். முற்பணம் கட்டுமுன் ஒருமுறை மேல்மாடத்தில் ஏறி, கடைசி வாங்கில் இருந்து பாருங்கள். கீழே ஒரு பிள்ளை தேவாரம் படிக்கட்டும்.